கண்ணாடி கழன்றால் ஆட்டம் நிற்கும்! ஜப்பானின் கடலைக்காட்டு நடுவே ஒரு பொய்ப் போர்க்களம்

டோக்கியோவிலிருந்து கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேர ரயில் பயணம். சிபா மாகாணத்தில் இருக்கிற யாச்சிமாத்தா என்ற சின்ன ஊர் வேர்க்கடலைக்குப் பேர்போனது. நம்மூர் பண்ருட்டிக்கு முந்திரி எப்படியோ, அப்படி. ஜப்பானில் விளையும் கடலையில் பெரும்பகுதி இந்த சிபா மாகாணத்தில்தான் விளைகிறது. அக்டோபர் மாதம் போனால், பிடுங்கிய கடலைச் செடிகளை வட்டமாகக் குவித்து, மேலே மூடி, வயலிலேயே காயவிட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க, தொப்பி போட்ட குட்டிக் குட்டிக் குடிசைகள் வரிசையாக நிற்பது மாதிரி இருக்கும்.

அந்த வயல்களைத் தாண்டினால் உயரமான மரங்கள் அடர்ந்த தோப்புகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தோப்புகளுக்குள் வேன்கள் வந்து நிற்கும். ராணுவ உடுப்பு மாட்டிய ஆட்கள் இறங்குவார்கள். தோளில் துப்பாக்கி இருக்கும். பயப்பட வேண்டாம். இறங்குகிறவர்கள் வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், மளிகைக் கடைக்காரர்கள். அவர்கள் ஆட வந்திருப்பது ஏர்சாஃப்ட். பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் பொய்ப் போர். 'சர்வைவல் கேம்' என்பதைச் சுருக்கி ஜப்பான்காரர்கள் இதைச் செல்லமாக 'சபாகே' என்கிறார்கள். யாச்சிமாத்தா, பக்கத்தில் இருக்கும் இன்சாய் என்று சிபா மாகாணம் முழுக்க இந்த மைதானங்கள் நிறைய.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷி கசாய் பகுதியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். ஐ.டி வேலை. "கோயில், பூங்கா எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. உனக்கு யாரும் எழுதாத ஒண்ணு காட்டுறேன், வா" என்று அண்ணன்தான் கூட்டிப்போனார். சுடுவதைப் பார்க்கத்தான் போனேன். திரும்பி வரும்போது நோட்டுப் புத்தகம் முழுக்க, சுடாமல் இருப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகள்தான் இருந்தன.

துப்பாக்கி வைத்திருக்க முடியாத நாட்டில்...

இந்த ஆட்டம் பிறந்ததே ஜப்பானில்தான். காரணம் வேடிக்கையானது. துப்பாக்கி, வாள் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்த ஜப்பான் 1958-ல் மிகக் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. சாதாரண குடிமகன் கைத்துப்பாக்கி வாங்கவே முடியாது. ஆனாலும் சினிமா பார்த்து வந்த ஆசை போகவில்லை. முதலில் உலோகத்தில் மாதிரித் துப்பாக்கிகள் வந்தன. 1971-லும் 1977-லும் அவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள் பரவின. 1991-ல் டோக்கியோ மருய் நிறுவனம் பேட்டரியில் ஓடும் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் ஆட்டம் சூடுபிடித்தது.

கூடவே வம்பும் வந்தது. சிலர் துப்பாக்கியின் வேகத்தைக் கூட்டி, ஓடும் கார்களின் கண்ணாடியைச் சுட்டு உடைத்தார்கள். 2006-ல் சட்டம் திருத்தப்பட்டது. 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் துப்பாக்கியின் சக்தி ஏறக்குறைய 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது பொம்மை கிடையாது, சட்டத்தின் பார்வையில் ஆயுதம். கையில் வைத்திருப்பதே குற்றம்.

0.98 ஜூல் என்றால் என்ன? ஒரு குண்டின் எடை 0.2 கிராம். ஐந்து குண்டு சேர்ந்தால்தான் ஒரு கிராம். அந்தக் குண்டு வினாடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல்! எடை குறைவு என்பதால் கையில் பட்டால் சுள்ளென்று ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கதையே வேறு.

கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். கண் ஒரு எலும்புக் குழிக்குள் பத்திரமாக இருப்பதால் கிடைக்கும் லாபம் அது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அந்த எலும்பு தடை கிடையாது. குழிக்குள் நேராகப் புகுந்து கருவிழியிலேயே அடிக்கும். இந்த ஆட்டத்தின் எல்லா விதிகளும் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

காலை வகுப்பு

விடுமுறை நாளில் மைதானக் கட்டணம் ஆளுக்கு மூவாயிரம், நாலாயிரம் யென் ஆகும். துப்பாக்கி, உடுப்பு, முகக் கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கட்டியதும் ஓடிப்போய்ச் சுட முடியாது. முதலில் துப்பாக்கிக்குப் பரீட்சை. குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி மேசை மேல் இருக்கிறது. சொந்தத் துப்பாக்கி கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் சுட்டுக் காட்ட வேண்டும். எண் வரம்புக்குள் இருந்தால்தான் அனுமதி.

அடுத்தது ஆட்களுக்கான வகுப்பு. எல்லாரையும் நிற்க வைத்து ஊழியர் ஒருவர் விதிகளைச் சொல்கிறார். இருபது வருடமாக ஆடுகிறவரும் கேட்டாக வேண்டும், முதல் நாள் வந்தவரும் கேட்டாக வேண்டும். அண்ணன் என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

மைதானம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று ஆடுகளம். இன்னொன்று உட்கார, சாப்பிட, ஓய்வெடுக்க இருக்கும் பாதுகாப்புப் பகுதி. ஆடுகளத்துக்குள் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. ஆட்டம் முடிந்துவிட்டாலும் கூடாது. வியர்வை துடைக்கவும் கூடாது. பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையும் முன் குண்டுப் பெட்டியைத் துப்பாக்கியிலிருந்து கழற்ற வேண்டும். பெட்டியைக் கழற்றினாலும் குழாய்க்குள் ஒரு குண்டு மிச்சம் இருக்கலாம். அதனால் அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் இரண்டு மூன்று முறை வெறுமனே சுட்டுப் பார்க்க வேண்டும். பிறகு குழாய் வாய்க்கு ஒரு மூடி. இவ்வளவும் செய்தால்தான் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

குண்டு பட்டால் யார் சொல்வது? நடுவரா? 6 மில்லிமீட்டர் குண்டு யார் மேல் பட்டது என்று எந்த நடுவரும் தோப்புக்குள் பார்க்க முடியாது. பட்டவரேதான் சொல்ல வேண்டும். கையை உயர்த்தி "ஹிட்டோ!" என்று கத்திவிட்டு வெளியே நடந்துவிட வேண்டும். பட்டும் படாத மாதிரி ஆடுகிறவர்களுக்கு அங்கே 'ஜோம்பி' என்று பெயர். செத்தும் நடமாடுகிற பேய்! அதைவிட அவமானம் அங்கே வேறு இல்லை.

'நான் அவுட்' என்று தானே சொல்லிக்கொள்கிற பழக்கம்தான் பாதுகாப்புக்கும் அஸ்திவாரம் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

பனி மூடிய கண்ணாடி

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவருக்கு எப்படிக் கண்ணில் அடிபடும்? கழற்றினால்தான் படும். ஏன் கழற்றுவார்? பெரும்பாலும் ஒரே காரணம், ஆவி படிவது. ஓடி, மூச்சிரைத்து, வியர்த்தால் கண்ணாடியின் உட்புறம் புகை மூடினது மாதிரி ஆகிவிடும். எதிரே ஆள் வருவது தெரியாது. கை தானாகக் கண்ணாடியைத் தூக்கும். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. பார்வைக் குறைபாட்டுக்கு உள்ளே இன்னொரு கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு.

இதற்கு அங்கே சொல்லித் தருவது எளிமையான வழி. கண்ணாடி மங்கினால் 'ஹிட்' என்று கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிடு. ஒரு ஆட்டம் போகட்டும். பாதுகாப்புப் பகுதியில் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போ. "ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் இருக்கு. கண்ணு ரெண்டுதானே இருக்கு" என்றார் அண்ணன்.

வெளியே வரக்கூட நேரமில்லாமல் கவசமே கழன்று விழுந்தால்? அதையும் அன்றைக்கே பார்த்தேன். மூன்றாவது ஆட்டம். நாற்பது வயதிருக்கும் ஒருவர் புதருக்குள் குனிந்து ஓடும்போது ஒரு கிளை அவர் முகக் கவசத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. அவர் கவசத்தைத் தேடவில்லை. அப்படியே உட்கார்ந்து, முகத்தைத் தரையைப் பார்க்கக் குனிந்து, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு கத்தினார். பக்கத்தில் அவரைச் சுடக் காத்திருந்த எதிரணிக்காரர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு அதே வார்த்தையைத் திருப்பிக் கத்தினார். அவர் குரல் அடுத்தவருக்கு, அடுத்தவர் குரல் அதற்கடுத்தவருக்கு. விசில் ஊதியது. சில நொடிகளில் தோப்பு முழுக்க அமைதி. ஊழியர் நடந்து போய்க் கவசத்தை எடுத்துக் கொடுத்து, வாரை இறுக்கிக் கட்டி, சரிபார்த்த பிறகு ஆட்டம் தொடர்ந்தது.

யாரும் முணுமுணுக்கவில்லை. ஜெயிக்கிற நிலையில் இருந்த அணியும்கூட. நிறுத்தச் சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை, நிறுத்தியதற்கு யாருக்கும் கோபமும் இல்லை. விலை உயர்ந்த கவசத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்தப் பழக்கத்தை வாங்க முடியாது. தினமும் காலையில் சொல்லிச் சொல்லித்தான் வர வேண்டும்.

முதலுதவி மேசை

பாதுகாப்புப் பகுதியின் அலுவலகச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. பெரிய எழுத்தில் அந்த மைதானத்தின் முகவரி. முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இது எதற்கு என்று கேட்டேன். ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் ஒரே எண், 119. எடுத்ததும் "காஜி தெசுகா, க்யூக்யூ தெசுகா?" என்று கேட்பார்கள். தீ விபத்தா, மருத்துவ அவசரமா? அடுத்த கேள்வி, எங்கே இருக்கிறீர்கள்? காட்டுக்கு நடுவே, பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு முகவரி எப்படித் தெரியும்? அதற்குத்தான் அட்டை.

பக்கத்தில் இதயம் நின்றால் மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏ.இ.டி கருவி. மருத்துவம் படிக்காத பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஜப்பான் 2004-லேயே அனுமதித்துவிட்டது. பெட்டிக்குள் பார்த்தால் நவீனமாக ஒன்றும் இல்லை. பஞ்சு, கட்டுத்துணி, எலாஸ்டிக் பேண்டேஜ், ஐஸ், கத்தரிக்கோல், டேப், காகிதக் கப். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

*கால் சுளுக்கு:* வேர், பள்ளம், ஈர மண் என்று கிடக்கும் தோப்பில் குண்டைவிடத் தரைதான் அதிகம் காயப்படுத்தும். ஆட்டத்தை நிறுத்தி உட்கார வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்க வேண்டும். எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டி, காலை உயரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே அவசியம். நம்மூர் வழக்கப்படி எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது.

*பல்:* கண்ணாடி மட்டும் போட்டு வாயைத் திறந்த வெளியாக விடுகிறவர்களுக்கு முன்பல் உடையலாம். விழுந்தது நிரந்தரப் பல் என்றால் வேர்ப்பகுதியைத் தொடாமல், மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் மறுபடி பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு.

*கதண்டு:* கோடையின் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் வரை ஜப்பானியக் காடுகளில் பெருங்கதண்டுகளின் ஆட்சி. கொட்டினால் முதலில் அந்த இடத்தைவிட்டு விலக வேண்டும். மூச்சுத் திணறல், முக வீக்கம், உடலெங்கும் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ்.

*வெயில் மயக்கம்:* ஜப்பானின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் நம் சென்னைக்குச் சளைத்தது இல்லை. முழுக்கை உடுப்பும் கவசமும் போட்டு ஓடுகிறவர் உளற ஆரம்பித்தாலோ, மயங்கினாலோ, நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறியபடி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

*கண்:* அந்தக் காகிதக் கப் இதற்குத்தான். கண்ணில் குண்டு பட்டால் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, தண்ணீர் அடிக்கக் கூடாது. கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாதபடி எலும்பு மேல் உட்கார வைத்து டேப் ஒட்ட வேண்டும். தலை நிமிர்ந்தபடி உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. "வலி குறைஞ்சிடுச்சு, நல்லாத்தான் தெரியுது" என்று அடிபட்டவரே சொல்வார். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கலாம். விழித்திரை கிழிந்திருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கலாம். எதுவும் வெளியே தெரியாது. பார்வை சரியாக இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

நம்மூருக்கு என்ன?

ஏர்சாஃப்ட் நம்மூரில் பரவலாக இல்லை. ஆனால் அதன் அண்ணன் இருக்கிறது. ஈ.சி.ஆர் பக்கமும் பெங்களூரிலும் ஆபீஸ் சுற்றுலாவில் ஆடுகிறோமே, பெயிண்ட்பால். அந்தச் சாயக் குண்டு சுமார் 3 கிராம் எடை. வேகமோ வினாடிக்கு 90 மீட்டர் வரை போகலாம். கணக்குப் போட்டால் ஜப்பானின் ஏர்சாஃப்ட் வரம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சக்தி! ஆடுகளத்தில் ஒரு செல்ஃபிக்காகக் கவசத்தைத் தூக்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிக்கெட் வாங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. கவசம் கண், வாய், காது மூன்றையும் மூடுகிறதா? வார் தளர்ந்து, கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் மாற்றித் தருவார்களா?

2. துப்பாக்கியின் வேகத்தை அளக்கிறார்களா?

3. ஆட்டத்தை நிறுத்த என்ன வார்த்தை, என்ன விசில்? அதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்கிறார்களா?

4. முதலுதவிப் பெட்டி எங்கே? பக்கத்துக் கண் மருத்துவமனை எவ்வளவு தூரம்? 108-க்கு அழைத்தால் சொல்ல வேண்டிய முகவரி எழுதி வைத்திருக்கிறார்களா?

பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்குப் பீச்சில் கால் நனைத்துவிட்டு வந்துவிடலாம்.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. திருவிழாக் கடைகளில் மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் குட்டிப் பிளாஸ்டிக் குண்டுகளோடு விற்கிறார்களே, அந்தத் துப்பாக்கி. யாச்சிமாத்தாவில் பெரியவர்கள் முகக் கவசம் மாட்டிக்கொண்டு, விதி படித்துவிட்டுச் சுடுவதும் அதே மாதிரிக் குண்டைத்தான். ஜப்பானில் இந்த வகைத் துப்பாக்கிகளை '18 வயதுக்கு மேல்', '10 வயதுக்கு மேல்' என்று பிரித்து விற்கிறார்கள். சிறுவர்களுக்கானதன் சக்தி வரம்பு 0.135 ஜூல் மட்டுமே. நம் கடைகளில் கிடைக்கிற துப்பாக்கியில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

வாங்கித் தந்தாகிவிட்டது, பிடுங்கினால் அழுவான் என்றால், மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். சுடுகிறவன், பக்கத்தில் நிற்கிறவன், வேடிக்கை பார்க்கிற தங்கை என எல்லாருக்கும் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். ஆளைப் பார்த்து வேண்டாம், அட்டைப் பெட்டியில் வட்டம் வரைந்து அதைச் சுடச் சொல்லுங்கள். கடைசியாக, யார் "நிறுத்து" என்று சொன்னாலும் உடனே துப்பாக்கியைக் கீழே வைக்கிற விதியைப் பழக்குங்கள். நிறுத்தச் சொன்ன பிள்ளையைப் 'பயந்தாங்கொள்ளி' என்று மட்டும் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேலிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது.